ரேடியோ விசாரித்த பள்ளிக்கூடம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடையை ஒட்டி இருக்கும் சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் அது கட்டின மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. ஊருக்கு அவர் ரேடியோ. கத்தரி ஓயும், சீப்பு ஓயும், அவர் வாய் மட்டும் ஓயாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்கும் ஒலிபரப்பு, ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுதான் நிற்கும். அப்போதும் பூட்டோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவார் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அவரை வெறும் வாயாடி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பேச்சில் ஒரு தொழில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டவரிடம் எதையாவது நேராகக் கேட்டால் "ம்" என்பார், அல்லது "ஏதோ போகுது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆனால் அவரிடம் ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவார். பேங்க்கில் வேலை செய்பவரிடம், "உங்க பேங்க்கை இழுத்து மூடப்போறாங்களாமே?" என்று போட்டால் போதும். "எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்து, மேலாளர் மாமியாரின் மூட்டுவலி வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவார். பாராட்டச் சொன்னால் சோம்பல்படுகிற ஜனம், மறுக்கச் சொன்னால் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறது. இதை ரேடியோ தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். அதற்குக் கொக்கி போடுவது என்று பேரும் வைத்திருந்தார்.

குடித்தனம் சலூனுக்குப் பின்னால், ஒரே அறையில். நடுவில் ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் சவரம், அந்தப் பக்கம் சமையல். எவ்வளவு பெருக்கினாலும் யாரோ ஒருவருடைய முடி தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். மகள் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் குப்புறப் படுத்துத்தான் படம் போடுவாள். ஆம்பிளைகள் பேசுகிற சில வார்த்தைகள் அவள் வாயிலும் வர ஆரம்பித்திருந்தன. அவருடைய மனைவி ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாளெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், முகத்தில் சோப்பு நுரையோடு இருக்கும் நாலு பேரைத் தாண்டித்தான் தன் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். கதவைத் திறந்தால் நேராக வீடு. அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதற்காகத்தான் வருஷக்கணக்கில் ரெண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். வாயைக் கட்டியது சாப்பாட்டு விஷயத்தில் மட்டும்தான், ரேடியோவைப் பொறுத்தவரை.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. சின்னத் தெருவின் கோடியில், ரெண்டு அறை, ஒரு சமையலறை. மனைவி ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தாள், ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள், பிறகு சமையலறை ஜன்னலண்டை போய் நின்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம்.

மகளை அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இந்த வீட்டை வாங்கினால் அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம்தான். விடியும்போது கடை திறக்கிற அப்பாவும், முதல் ஷிப்டுக்கு ஓடுகிற அம்மாவும் பிள்ளையை ஊர்க்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆக, வீட்டை வாங்குவது என்றால் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வாங்குவதாகத்தான் அர்த்தம்.

"வீடு பார்த்தாச்சு. பள்ளிக்கூடம் எப்படின்னு நான் விசாரிச்சுடறேன்" என்றார் ரேடியோ.

"நேரா போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"போனா சுவரைக் காட்டுவாங்க, சுவர்ல ஒட்டின படத்தைக் காட்டுவாங்க. உள்விஷயம் ஊருக்குத்தாண்டி தெரியும். நம்ம நாற்காலிக்கு வராத தலை இந்த ஊர்ல ஏது?"

முதல் ரெண்டு மூன்று நாள் நேராகத்தான் கேட்டார். "நல்ல பள்ளிக்கூடம்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பரவாயில்லை" என்றார் ஒரு பெயிண்டர். இன்னொருவர் குறட்டை விட்டார். ரேடியோவுக்குத் திருப்தி இல்லை. இத்தனை வருஷச் சேமிப்பையும் பெற்ற பெண்ணையும் ஒரு 'பரவாயில்லை'யை நம்பி ஒப்படைக்க முடியுமா? சரி, கொக்கியைப் போடுவோம் என்று முடிவு செய்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சருங்க நிலைச்சு நிக்கறதே இல்லையாமே?"

இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாயில் வந்ததை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். பொய்யாக இருந்தால் யாராவது துள்ளிக் குதித்து மறுப்பார்கள், மறுக்கிற வேகத்தில் உண்மையெல்லாம் வெளியே வரும் என்பது கணக்கு. ஆனால் யாரும் துள்ளவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் துள்ளத் தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிற அம்மாக்கள். அவர்கள் ஆண்கள் சலூனில் வந்து உட்காருவார்களா? உட்கார்ந்தவர்களோ பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டாலே வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கிற அப்பாக்கள். அவர்கள் கண்ணைத் திறக்காமலே, "அப்படியா?" என்றார்கள். "இருக்கும், இருக்கும்" என்றார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சேதியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாரும் மறுக்கவில்லையே, அப்போது ஏதோ இருக்கிறது என்று ரேடியோவுக்குப் பட்டது. இன்னும் நாலு பேரிடம் கேட்டார். பிறகு இன்னும் நாலு பேரிடம்.

கொஞ்ச நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். துணியைக் கழுத்தில் கட்டும்போதே குரலைத் தாழ்த்தினார்.

"ரேடியோ, அந்தப் பக்கம் வீடு பார்க்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவசரப்படாதீங்க. அங்க டீச்சருங்க வந்த வேகத்துல ஓடறாங்களாம். தலைமை ஆசிரியர் குணம் அப்படியாம்."

"நீங்கதானே நல்ல பள்ளிக்கூடம்னு சொன்னீங்க?"

"அப்போ எனக்குத் தெரியாது. இப்போ ஊரே பேசுது."

வெறுங்கையோடு வெளியே போன சேதி, கண் காது மூக்கு வைத்துக்கொண்டு, ஒரு தலைமை ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. தான் பெற்ற பிள்ளை என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த வாரத்துக்குள் பெயிண்டரும் அதையே சொன்னார், பேங்க்காரரும் சொன்னார். அன்றைக்குக் கடை சாத்தினதும் ரேடியோ மனைவியிடம், "அந்த வீடு வேண்டாம். ஊரே ஒரு வாயா சொல்லுது" என்றார்.

அவள் மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் நல்ல வாட்டசாட்டமான பெண். குரலும் அதற்கேற்ற மாதிரி. உள்ளே வரச் சொன்னார். கயிற்றில் காகித மீன்கள் தொங்கின. புது இடம் என்றால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற மகள், விறுவிறுவென்று போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் பென்சில் கடன் வாங்கிவிட்டாள். மனைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நீங்க இங்க எத்தனை நாளா இருக்கீங்க டீச்சர்?"

டீச்சருடைய முகம் சுண்டிப்போனது. "நீங்களும் அதைக் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா? எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலிருந்து இங்கதாம்மா இருக்கேன். என் பொண்ணும் இங்கதான் படிச்சா. இந்த வருஷம் சேர்க்க வர்றவங்க எல்லாரும் இதையே கேக்கறாங்க, அப்புறம் திரும்பி வர்றதில்லை. யார் கிளப்பி விட்டாங்கன்னே தெரியல. ஏதோ சலூன்ல பேசிக்கிட்டாங்களாம்."

மனைவி வீடு வந்து சேர்ந்ததும் இதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "எந்த சலூன்னு நான் கேக்கல" என்றாள்.

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. "சும்மா ஒரு கொக்கிதாண்டி போட்டேன்..." என்று மென்று விழுங்கினார்.

"போட்டீங்க. மாட்டினது யாருன்னு பார்த்தீங்களா?"

அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர், அந்தப் பழைய பஸ் டிரைவர், சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மகன் வீட்டோடு போய்விட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். "பார்க்க வந்தவங்க எல்லாம் பள்ளிக்கூடம் சரியில்லைன்னு பின்வாங்கிட்டாங்கய்யா. விலையைக் குறைச்சுக்கறேன். நீங்களாவது எடுத்துக்குங்க" என்றார்.

ரேடியோ நுரை போட்டார். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் லாபம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருடைய வாய்க்கு அப்படி ஒரு வேலை வந்திருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

டிரைவர் கண்ணாடிக்குள் இருந்த ரேடியோவை முறைத்துக்கொண்டே இருந்தார். "கத்தி உன் கையில இருக்கு. அதான் ஒண்ணும் சொல்ல முடியல" என்றார். சவரம் முடிந்து முகம் கழுவின பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். தெருவில் போனவர்கள் விஷயம் என்னவென்று புரியாமலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். திட்டி ஓய்ந்ததும், "முதல்ல சொன்ன விலையைக் குடு. வீடு உனக்குத்தான். மறைச்சிருக்கலாம், மறைக்கலையே" என்றார்.

வீட்டை வாங்கினார்கள். குடியும் போனார்கள். தட்டில் முடி விழவில்லை. தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, முழு விலையும் கொடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று ரேடியோ நினைத்தார். முடிந்தது வீட்டுக்காரரோடு மட்டும்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் கொக்கி எதுவும் போடாமல் நேராகவே சொன்னார். "அது நல்ல பள்ளிக்கூடம்ங்க. டீச்சருங்க எல்லாம் பல வருஷமா இருக்கறவங்க. என் பொண்ணையே அங்கதான் சேர்த்திருக்கேன்." பேங்க்காரர் சிரித்தார். "வீட்டை வாங்கிட்டீங்க. வேற எப்படிச் சொல்லுவீங்க?" பெயிண்டர், "விக்கும்போதும் இப்படியே சொல்லுங்க ரேடியோ" என்று தோளைத் தட்டினார். தெரியாமல் உளறியபோது நம்பினவர்கள், தெரிந்து சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் அந்த டீச்சரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தார். நினைத்தாரே தவிர, போகவில்லை. வீட்டுக்காரரிடம் வந்த தைரியம் அங்கே வரவில்லை. மகளைச் சேர்த்தது மனைவி. சின்னத் தெருவைச் சுற்றிக் கொண்டுபோய் விடுவதும் மனைவியும் எதிர்வீட்டு அம்மாளும்தான். டீச்சர் எதிரே வந்தால் ரேடியோ சந்து வழியாகத் திரும்பிவிடுவார்.

மகளுக்கோ டீச்சர் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து, டீச்சர் மாதிரியே குரலை உயர்த்திப் பாடம் நடத்துவாள். ஷிப்டு இல்லாத நாளில் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மைதானத்தில் கேட்கும் நிஜக் குரலையும் வீட்டுக்குள் கேட்கும் போலிக் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து ரேடியோ பார்த்ததே இல்லை.

வருஷம் பாதி ஓடவில்லை. எப்போதும் ரெண்டு பிரிவாக நடக்கும் ஒன்றாம் வகுப்பில் இந்தத் தடவை ஒரு பிரிவுக்குத்தான் பிள்ளைகள் தேறினார்கள். பிள்ளை இல்லாத இடத்தில் ரெண்டு டீச்சர் எதற்கு என்று மேலே முடிவு செய்தார்கள். ரெண்டு பேரில் வயதில் மூத்தவரை அங்கேயே வைத்துக்கொண்டு, மகளுடைய டீச்சரை ஊரின் மறுகோடியில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

மருந்துக்கடைக்காரர் சேதியோடு ஓடிவந்தார். "பார்த்தீங்களா ரேடியோ! டீச்சருங்க நிக்க மாட்டாங்கன்னு முதல்முதல்ல இந்தக் கடையிலதான் பேச்சு அடிபட்டுச்சாம். நீங்கதான் சொன்னீங்களாம். அப்படியே நடந்துடுச்சே! உங்க வாய்க்கு சர்க்கரைதான் போடணும்."

ரேடியோ நாற்காலியில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, பாதி வெட்டினதை அரக்கப் பரக்க முடித்து அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினார்.

வீட்டில் மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். தலையணைகள் கட்டிலிலேயே கிடந்தன. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ரேடியோ மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, டீச்சர் ஏம்ப்பா போறாங்க?"

ரேடியோ அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"நான் கிளாஸ்ல பேசிக்கிட்டே இருந்தேன். பேசாதே, பேசாதேன்னு டீச்சர் சொன்னாங்க. நான் கேக்கவே இல்ல. அதனாலயாப்பா?"

ரேடியோ அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இல்லம்மா. நீ பேசினதால இல்ல. அப்பா பேசினதாலதான்."

மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லையேப்பா" என்றாள்.