குண்டு ‘ள’ காப்பாற்றிய உயிர்

முருகனை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, செத்துப் போயிருக்க வேண்டிய ஆள் எழுதுகிறேன். தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால், மலையாளத்துப் பக்கம் இருக்கும் எருத்தேன்பதி ஆறுச்சாமி. போன வருடம், 1978 வைகாசியில், என் கண் இரண்டும் மஞ்சளை அரைத்துப் பூசியதுபோல் ஆகி, குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. தண்ணீர் தங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே அரிவாளைச் செருகித் திருகுவது போல வலி. இத்தோடு நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்படிக் கிடந்தவனை முருகன் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று சொல்லப் போகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே சிரித்தவன்தான்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஆறுச்சாமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் ஒருவன். ஆஸ்பத்திரித் தராசில் ஏறினால் முள் கடைசி வரைக்கும் போய் நின்றுவிடும். கொப்பரை நிறுக்கும் மண்டித் தராசில்தான் என்னை நிறுத்தார்கள், ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. ராத்திரி படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். என் மனைவி நாச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டி எழுப்புவாள். பழநி மலையில் படியேறிக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். நாலு படி ஏறினால் நெஞ்சு அடைக்கும். அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன், வழியெல்லாம் அழுகை வரும்.

அப்போதுதான் மெட்ராஸில் ஒரு டாக்டர் இருப்பதாக என் மைத்துனர் சொன்னார். வெளிநாட்டில் படித்து வந்தவர். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழியில் சேர்த்துத் தைத்துவிடுவாராம். தின்பது உடம்பில் ஒட்டாதாம். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நாச்சம்மாள் ஒரு வாரம் சாப்பிடாமல் அழுதாள். நான் போனேன். போகும் முன்னே பழநி அடிவாரத்தில் நின்று சத்தியம் செய்தேன்: "முருகா, என்னை உசுரோட திருப்பிக் கொண்டு வா. இனிமேல் கள்ளைத் தொட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் அது சின்னச் சத்தியம் இல்லை. எருத்தேன்பதியில் தென்னை மரமும் கள்ளும் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தோப்பிலேயே கள் இறங்கியது. விடிந்ததும் மரத்தடியில் நின்று குடித்தவன் நான். சத்தியம் செய்த கையோடு, தோப்பில் கள் இறக்கவும் இனி விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கள்ளுக்கடை நடத்தும் குட்டனுக்கு அது பெரிய அடி. மலையாளத்துக்காரர்தான், ஆனால் இங்கேயே பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, எங்கள் பேச்சே பேசுபவர். அன்றிலிருந்து அவரும் நானும் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு இளைத்தது பாருங்கள், அப்படி ஓர் இளைப்பு! ஆறே மாதத்தில் என் சட்டையில் நானும் என் மகனும் சேர்ந்து நுழையலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் அந்த வலி வந்தது. நெய் ஊற்றிப் பொங்கல் தின்ற அன்று முதல் தடவை. வந்த வேகத்தில் போய்விட்டது. மறுபடி வந்தது, அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடியாமலே போனது. உள்ளே போட்ட தையல் விட்டுவிட்டது என்று என் மைத்துனர் பயந்தார். எல்லாம் பித்தம்தான் என்று நாச்சம்மாள் இஞ்சியும் எலுமிச்சையும் கொடுத்தாள். வாந்தி நிற்கவில்லை. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண் மஞ்சளாகி, காய்ச்சல் கொதித்தது. மாட்டு வண்டியில் படுக்கப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

இங்கேதான் முருகன் விளையாட ஆரம்பித்தார்.

டாக்டர் இளவயதுக்காரர், மலையாளத்துக்காரர். கண் இமையை விலக்கிப் பார்த்தார். முதல் கேள்வியே, "கள்ளு குடிக்குமோ?"

"இல்லீங்க டாக்டர், உட்டு ஒரு வருசத்துக்கு மேலாச்சுங்க" என்றேன்.

விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சல் வெளியே கட்டியிருந்த மாட்டுக்கே கேட்டிருக்கும். அவர் நர்ஸிடம் திரும்பி, "கல்லு தன்னெ. சம்சயமில்லா" என்றார். கல்தான், சந்தேகமே இல்லை என்று அர்த்தம்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள் நாச்சம்மாள். முதல் கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது. இரண்டாவதும் அவளுக்குக் ‘கள்ளு’ என்றே கேட்டது! கள்தான், சந்தேகமே இல்லை! சத்தியம் செய்துவிட்டுத் தனக்குத் தெரியாமல் குடித்திருக்கிறான், அதுதான் சாமி கண்ணை மஞ்சளாக்கிவிட்டது என்று நினைத்துவிட்டாள். உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

"ஏனுங்க, முருகனையே ஏமாத்திப் போட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உடனே கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்றார். மோட்டார் வண்டிக்கு எங்கே போக? அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். கொழிஞ்சாம்பாறையில் இருந்த டாக்சி அத்தனையும் கல்யாணத்துக்குப் போய்விட்டன. ஆஸ்பத்திரி வண்டி ரிப்பேர். "கூடெ வந்த ஆளெவிடெ?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் என்ன சொல்வேன்? கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றா சொல்வேன்?

அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்து அழுதேன். மந்திரமெல்லாம் வாயில் வரவில்லை. "முருகா, நான் கள்ளைத் தொடவில்லை, உனக்குத் தெரியும். யாரையாவது அனுப்பு. சீக்கிரம் அனுப்பு" என்றேன். இதுதான் என் பிரார்த்தனை. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெம்பில்லை.

அவர் யாரை அனுப்பினார் தெரியுமா? என் பெண்டாட்டியைத்தான் அனுப்பினார். அதுவும் கள்ளுக்கடைக்கு!

வாழ்நாளில் கள்ளுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதவள், பட்டப்பகலில் நேராக, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்த குட்டன் கடைக்குள் நுழைந்துவிட்டாள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் சண்டை போட்டாலும் ‘ங்க’ போட்டுத்தானே போடுவார்கள்!

"ஏனுங்க குட்டன், உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா? தோப்பைக் குடுக்கலீன்னு எம்பட ஊட்டுக்காரருக்கு ஒளிச்சு வெச்சு ஊத்திக் குடுத்தீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

குட்டன் வெலவெலத்துப் போனார். "சேச்சி, முருகன் சத்தியமா அவரு இந்தப் பக்கமே வர்றதில்லீங்க. யாரு சொன்னது?"

"டாக்டரே சொல்லிப் போட்டாருங்க. கள்ளுதான், சந்தேகமே இல்லீன்னு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கறாரு."

குட்டன், மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த கூழாங்கல்லை எடுத்து நாச்சம்மாள் முன்னால் டக்கென்று வைத்தாராம்.

"சேச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டாக்டர் சொன்னது குண்டு ‘ள’வா, சின்ன ‘ல’வா? இந்தக் கல்லா இருக்கப் போகுது! எங்க அண்ணனுக்கும் வயித்துல கல்லுன்னுதான் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம்."

நாச்சம்மாள் அந்தக் கல்லைப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே, அத்தனை குடிகாரர்கள் நடுவில், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அவரைத் தனியா உட்டுப்போட்டு வந்துட்டனே" என்று அழுதவளை எழுப்பி, கடை வாசலில் நின்ற கள்ளு வேனில் இருந்த பீப்பாய்களை மளமளவென்று இறக்கிப் போட்டுவிட்டு, குட்டனே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காதவர், என்னைக் குழந்தை மாதிரி இரண்டு கையில் தூக்கி வண்டியில் கிடத்தினார். "அண்ணா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

கள்ளைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவன், கள்ளு வண்டியில், கள்ளு வாசத்துக்கு நடுவில் படுத்துப் போகிறேன்! வலியிலும் எனக்கு அது உறைத்தது.

வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாட்டு செக்போஸ்ட். அந்தப் பக்கம் மதுவிலக்கு. வேன் நின்றதுமே போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தார்.

"வண்டியில என்ன?"

நாச்சம்மாள் பதறிக்கொண்டு தலையை நீட்டி, "கல்லுங்க சார்!" என்றாள்.

"என்னது? இவ்வளவு தைரியமாச் சொல்றீங்க?"

"வயித்துலீங்க சார், வயித்துல கல்லு!"

"குடிச்சுட்டு வேற வந்திருக்கானா? எறங்கச் சொல்லுங்க அவனை!"

அப்போது நாச்சம்மாள் போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்! "குண்டு ‘ள’ இல்லீங்க சார்! சின்ன ‘ல’ங்க! சாகக் கெடக்கறாருங்க!"

போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். தானே ஓடிப்போய்க் குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டு, "போங்க, போங்க, சீக்கிரம் போங்க" என்றார். அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் அன்றைக்கே ஆபரேசன். பெரிய டாக்டர் பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார். உடம்பு அவ்வளவு வேகமாக இளைத்தால், அதிலும் அந்தக் குடல் ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்கு, பித்தப்பையில் கல் கட்டுவது உண்டாம். அதில் ஒரு கல் உருண்டு வந்து குழாயை அடைத்துக்கொண்டது. பித்தம் போக வழியில்லாமல் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. "நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுங்க" என்றார்.

இதோடு முடியவில்லை. உடம்பு சிலிர்க்கிற விஷயம் இனிமேல்தான்.

என்னை உள்ளே கொண்டு போன பிறகு ரத்தம் தேவைப்பட்டது. வெளியே பெஞ்சில் நாச்சம்மாள் ‘முருகா, முருகா’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். பக்கத்தில் குட்டன். நர்ஸ் வந்து கூப்பிட்டாள்: "ரத்தம் பொருந்தியிருக்கு. ரத்தம் குடுக்கறேன்னு சொன்ன வேலாயுதன் யாருங்க?"

யாரது, நமக்குத் தெரிந்து அப்படி ஒருவரும் இல்லையே என்று நாச்சம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த குட்டன் எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான்தானுங்க" என்றார்.

வேலாயுதன்! இத்தனை வருடம் ஒரே ஊரில் இருக்கிறோம், குட்டன் குட்டன் என்று கூப்பிட்டோமே தவிர, அவருடைய உண்மையான பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாரையாவது அனுப்பு என்று நான் கேட்டேன். முருகன் தன் கையில் இருந்த வேலாயுதத்தையே அனுப்பிவிட்டார்! நாச்சம்மாள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் குட்டனைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டாள். "சேச்சி, என்ன இது, ஆளுக பாக்கறாங்க" என்று அவர் நெளிந்தாராம்.

எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். துவரம்பருப்பு அளவு இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் நாச்சம்மாள் அதைக் குலுக்கிக் காட்டி, "சின்ன ‘ல’ங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காபி கொடுப்பாள்.

நான் மாறிவிட்டேன். நெய்ப் பொங்கலை விட்டேன், அதை விட முக்கியமாக முகத்தைத் திருப்பும் பழக்கத்தை விட்டேன். கள்ளை இன்றுவரை தொடவில்லை. தோப்பில் கள் இறக்கவும் விடவில்லை, குட்டனும் கேட்கவில்லை. ஆனால் தோப்பில் முதலில் வெட்டும் இளநீர்க் குலை அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான்.

இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். ஒவ்வொரு படியாக ஏறினேன். பாதி மலையில் கால் நடுங்கியது. பின்னால் வந்த குட்டன் முதுகில் கை கொடுத்தார். முன்னால் போன நாச்சம்மாள் திரும்பிப் பார்த்து, "குண்டு ‘ள’ மெலிஞ்சு சின்ன ‘ல’ ஆயிப் போச்சு, இன்னும் என்னங்க மூச்சு வாங்கறீங்க?" என்றாள். சுற்றி இருந்த காவடிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே மேலே ஏறிவிட்டேன். சந்நிதியில் நின்றபோது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டே நின்றேன்.

சொந்தங்களே, உங்களுக்கு என்ன கஷ்டம் இருந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள். பாட்டாகப் பாட வேண்டாம், அழகாகச் சொல்ல வேண்டாம், வாயில் வந்ததைச் சொல்லுங்கள். உதவி வரும். நீங்கள் எதிர்பார்க்கும் வாசல் வழியாக வராது, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பக்கத்திலிருந்தும் வரும், திரும்பிப் பாருங்கள். நான் கேட்டதை முருகன் ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காக, என் நாச்சம்மாள் காதில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டார்.