மண் தின்னாத எலுமிச்சை

எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. பதினோரு மணிக்கு மேல் அதில் நேர் வெயில் அடிக்கும். ஒருநாள் ஒரு அம்மா அதில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய மகனுக்கு வயிற்றைத் திறந்திருந்தார்கள். நிழலுக்குப் போனால் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று அவர் நகரவே இல்லை. தோட்டக்காரர் ஆள் உயரச் செடிகளாகப் பார்த்து ஐந்து தொட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து பெஞ்சைச் சுற்றி வைத்தார்.

"கொஞ்சம் தொந்தரவும்மா. இதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம். வெயில் இங்கதான் நல்லா வருது."

"பரவாயில்லப்பா, சாப்பிடட்டும்" என்று அந்த அம்மா ஒதுங்கி இடம் கொடுத்தார்.

வெயில் நகர நகரத் தொட்டிகளும் நகர்ந்தன. மூன்று மணிக்கு மகனைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த அம்மா பின்னாலேயே ஓடிவிட்டார். தன்மேல் நான்கு மணி நேரம் நிழல் இருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. தோட்டக்காரரும் சொல்லவில்லை. துணி அறை ஜன்னல் வழியாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே விரிப்பும் தலையணை உறையும் மடித்து அடுக்குவது என் வேலை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நகர்ந்துவிடுவார், லேசாக இருந்தால் ஊற்றுவார். தூக்க முடியாத பெரிய தொட்டிகளுக்குச் சமையல்கூடத்திலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கடன் வாங்குவார். சமையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நோயாளிக்குப் போடற காய்கறியும் இதுலதான்யா நிறுக்கணும். உன் மண்ண எங்கயாவது சந்தையில போய் நிறுத்துக்க."

"தொடச்சுக் குடுக்கறேன் மாஸ்டர்."

"போன தடவையும் தொடச்சுதான் குடுத்த. குழம்புல மண்வாசனை."

ஒன்பது வருஷமாக அவர் தற்காலிக ஆள். அந்த வருஷம் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு நிர்வாகியின் மேசைமேல் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவதுதான் பாக்கி. வீட்டில் மனைவி சோற்றுப்பானை இறக்கும் கைப்பிடித் துணியைக்கூடப் புதிதாகத் தைத்து வைத்திருந்தாராம், கணவர் நிரந்தர ஊழியராக உட்கார்ந்து சாப்பிடும் நாளுக்கு.

அந்த நேரம் பார்த்து மண் வந்தது.

ஒவ்வொரு வருஷமும் செடிகளின் உணவுக்கென்று முப்பது மூட்டை மண் எங்களுக்கு வரும். யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய விதி. வருஷக் கடைசியில் 'முப்பது மூட்டையும் செடிகளால் உட்கொள்ளப்பட்டது' என்ற தாளில் தோட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை தலைமைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்து அவரே போட்டுவந்தார். அவர் ஓய்வு பெற்றதும் தாள் இவரிடம் வந்தது. இவர் தாளை முழுதாகப் படித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டோர்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"ஏன்யா திருப்பற?"

"போன வருஷத்து மண்ணே தொட்டியில அப்படியே இருக்கு சார். செடி மண்ணத் தின்னாது."

"பின்ன எதத் தின்னுது, என் தலையவா?"

"தண்ணியும் காத்தும் சார். இலையில வெயில் பட்டா அதுவே சமைச்சுக்கும்."

ஸ்டோர்காரர் கெட்ட மனிதர் இல்லை. எந்த உயிரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். தோட்டக்காரர் செடிகளுக்குச் சாப்பாடு போட மறுக்கிறார் என்று அன்று மாலையே நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நிர்வாகி கோப்பை மூடி வைத்து, மூன்று நாளில் விளக்கம் வேண்டும் என்றார்.

தோட்டக்காரரிடம் விளக்கம் தயாராக இருந்தது. வாசல் பக்கம் ஒரு பீப்பாயில் எலுமிச்சை நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாண் கன்றாக வைத்தது. வைக்கும்போதே மண்ணைக் காயவைத்து நிறுத்து, ஐம்பது கிலோ என்று பீப்பாயின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார். ஏன் எழுதினீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா" என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நிர்வாகி, ஸ்டோர்காரர், தராசுக்குக் காவலாகச் சமையல்காரர், எல்லாரும் வாசலில் கூடினார்கள். மரத்தை அடியோடு எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணைக்கூட உதிர்த்துச் சேர்த்தார் தோட்டக்காரர். நான் இரண்டு கிழிந்த விரிப்பை நனைத்துக் கொடுத்தேன். பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல வேரைச் சுற்றினார். மரம் பதினான்கு கிலோ இருந்தது. பிறகு மண்ணை நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டு கிலோ.

நிர்வாகி விளிம்பைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். பிறகு எழுதியபடியே உரக்கப் படித்தார்: "ஐந்து ஆண்டுகளில் செடி மண்ணை உண்ணவில்லை. மேற்கொண்டு எட்டு கிலோ மண்ணைத் தந்துள்ளது."

"பசு மாதிரி" என்றார் சமையல்காரர்.

"சரிய்யா, நீ ஜெயிச்ச. கோப்ப எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார் நிர்வாகி.

தோட்டக்காரர் வாயைத் திறப்பது தெரிந்தது. கடவுளே, இந்த மனுஷன் வாயை ஒரே ஒரு நிமிஷம் கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டேன். இப்படியெல்லாம் வேண்டக் கூடாது என்று எனக்கே தெரியும். வேண்டுதல் பலிக்கவும் இல்லை.

"ஐயா, அது ஈரம். காலைல பழக்கத்துல தண்ணி ஊத்திட்டேன். காயவச்சுத்தான் நிறுக்கணும்."

எழுதியதை அடிப்பது நிர்வாகிக்குப் பிடிக்காது. அடித்தார்.

மரத்தை வேறு பீப்பாயில் நட்டார்கள். அதற்காக முப்பது மூட்டையில் ஒன்றைப் பிரித்தது ஸ்டோர்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல். பழைய மண் மொட்டைமாடியில் என் விரிப்புகள்மேல் ஒன்பது நாள் காய்ந்தது. காக்கைகள் வந்தன. துணி காயப்போடப் போகிற சாக்கில் நானும் விரட்டினேன். பத்தாவது நாள் மறுபடியும் அதே கூட்டம், அதே தராசு. நாற்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் கிராம்.

ஸ்டோர்காரர் துள்ளினார். "நூறு கிராம் கொறையுது! பாத்தீங்களா சார், திருட்டுத்தனமாத் தின்னிருக்கு!"

"ஆமா சார், அது தின்னதுதான்" என்றார் தோட்டக்காரர். "நாம உப்புப் போட்டுக்கற மாதிரி வேர் கொஞ்சம் எடுத்துக்கும். ஆனா மரம் பதினாலு கிலோ. நூறு கிராம் மண்ணுலேருந்து பதினாலு கிலோ எப்படி வரும்? அதுல பாதிக்கு மேல தண்ணி. மத்ததுல முக்கால்வாசி காத்து. இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரம் இருக்கு, அது வழியாக் காத்து உள்ள போகும். வேருலேருந்து தண்ணி மேல வரும். வெயில்தான் அடுப்பு. சமைக்கறது அந்தப் பச்சை."

நிர்வாகி எலுமிச்சையை நிமிர்ந்து பார்த்தார். "காத்த வச்சு கட்டை செய்யுதுங்கறியா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நாளைலேருந்து நான் மொட்டமாடிலயே உக்காந்துக்கறேன், எனக்கும் சமையல் வேணாம்" என்றார் ஸ்டோர்காரர்.

"உங்ககிட்ட பச்சை இல்லையே சார்."

சமையல்காரர் சிரித்ததில் தராசு ஆடியது. நிர்வாகிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதனால்தான் சங்கடம். விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. கோப்போடு அந்த வருஷத் தாளும் சேர்ந்து போனால்தான் மேலிடத்தில் நிரந்தரம் ஆகும். தோட்டக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில்தான் சொன்னார். நான் பக்கத்து அறைக்கு மேசைத்துணி மாற்றப் போயிருந்தேன்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்யா. மூட்டைய ஒரு மூலையில போட்டு வை. இதுல மட்டும் ஒரு கையெழுத்து. ஒன்பது வருஷம் காத்துக்கிட்டிருந்த."

"ஒரு நாள் டைம் குடுங்கய்யா."

மறுநாள் தாளைக் கொண்டுவந்து வைத்தார். அச்சடித்த வரியை அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதியிருந்தார்: 'முப்பது மூட்டை வந்தது. ஒன்று மரத்தை மாற்றி நடச் செலவானது. எலுமிச்சை ஐந்து வருஷத்தில் ஒரு கைப்பிடி உண்டது. மீதி இருபத்தொன்பது பத்திரமாக உள்ளது.' கையெழுத்து அழகாகவே போட்டிருந்தார்.

கோப்பு மேலிடம் போய் இரண்டு மாதத்தில் திரும்பியது. தாள் முறைப்படி இல்லை என்று ஒரு வரி. அந்த மாதக் கடைசியோடு தற்காலிக வேலையும் முடிந்தது. ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில் சேரப் போவதாகச் சொன்னார்.

போகிற அன்று துணி அறை வாசலில் வந்து நின்றார், கடன் வாங்கிய விரிப்புகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது.

"அந்தக் கையெழுத்தப் போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதாண்ணே? வீட்டுல அண்ணி முகத்தையாவது நெனச்சுப் பாத்தீங்களா? கடவுள் மன்னிக்காத பொய்யா அது?"

அவர் விரிப்புகளை என் கையில் வைத்தார். மடிப்பு என் மடிப்பைவிட நேராக இருந்தது.

"பொய்க்குப் பயந்து இல்லம்மா. போடலாம்னுதான் பேனாவ எடுத்தேன். அடுத்து வர்றவன் அந்தத் தாளப் படிப்பான்ல? போன ஆளு முப்பது மூட்டை போட்டிருக்கான்னு நெனச்சு அவனும் தொட்டி தொட்டியாக் கொட்டுவான். தண்டு வரைக்கும் மண்ண மூடினா ஒரே மழையில அழுகிடும். எனக்கு இங்க இல்லன்னா இன்னொரு இடம். அதுங்க எந்திரிச்சு எங்கம்மா போகும்?"