ரெக்கார்டு வைத்தது யார்?

கடையில் ஒரு சிறுமி ரெக்கார்டு நோட்டு கேட்டாள். கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் வந்த பசை வாசனையில், எனக்கு உத்திரமேரூர் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் நானூறு மீட்டர் ஓட்டத்தில், பள்ளியில் அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் முதலாவதாக வந்தேன். பி.டி. மாஸ்டர் கடைத்தெருவில் என் நைனாவை நிறுத்தி, "உம் பொண்ணு ரெக்கார்டு வெச்சிட்டாய்யா!" என்றார். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. என் சர்ட்டிபிகேட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அடுத்த வாரமே அறிவியல் வாத்தியார் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்: "உங்க பொண்ணு ரெக்கார்டு வெக்கல. பரீட்சைக்கு விடமாட்டேன்." சாயங்காலமெல்லாம் மைதானத்தில் ஓடியதில், அறிவியல் ரெக்கார்டு நோட்டில் நான் பாதிப் படம்கூட வரைந்திருக்கவில்லை.

"இன்னாம்மா இது? ஒர்த்தரு வெச்சிட்டான்றாரு, இன்னொர்த்தரு வெக்கலன்றாரு?"

மறுநாள் நைனா கழனியிலிருந்து சேற்றுக்காலோடு வந்து, சர்ட்டிபிகேட்டை வாத்தியாரின் மேசைமேல் வைத்தார்.

"இந்தா சார் ரெக்கார்டு, வெச்சிட்டேன். புள்ளைய எயுத வுடுங்க."

வாத்தியார் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கப்போகிறாரா, திட்டப்போகிறாரா, தெரியவில்லை. "சரி, போங்க" என்றவர், என்னிடம் மட்டும் மெதுவாக, "நாளைக்கு நோட்டு வரணும்" என்றார்.

வழியில் நைனா கேட்டார்: "ஒரே ரெக்கார்ட எதுக்கு ரெண்டு பேரும் கேட்டுக்கினு கீறாங்க?"

"தெரியல நைனா."

நான் பாஸானதும் அவர் ஊரெல்லாம் சொன்னார்: "ரெக்கார்டு வெச்சது நான்தான்." அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றும் தெரியவில்லை.

"உங்களுக்கு இன்னாம்மா வேணும்?" என்றார் கடைக்காரர். நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.