பெருகாத வளையல்

முதலில் திட்டு, பிறகுதான் வளையல். "கையத் தளர விடுங்கம்மா, கட்டையாட்டம் விறைச்சுக்கிட்டு" என்று அதட்டிக்கொண்டே சாரா பீவி விரல்களைக் குவித்துப் பிடிப்பாள். மறு நிமிஷம் டஜன் கண்ணாடி வளையலும் மணிக்கட்டில் இறங்கியிருக்கும். தப்பித் தவறி ஒன்று போனால் உடைந்தது என்று சொல்ல மாட்டாள். "பெருகிடுச்சு" என்பாள். வளையல்காரக் குடும்பங்களில் உடைவது என்ற சொல்லே கிடையாது.

சீரங்கத்துச் சித்திரை வீதியில் அவள் பெட்டியைத் திறந்தால் பெண்களின் கண் அவள் இடது கைக்குத்தான் போகும். ஒரே கல்லில் குடைந்தெடுத்த பச்சை வளையல் அது. யாளியும் பாம்பும் கலந்தாற்போல் இரண்டு உருவங்கள் அதில் நேருக்கு நேர் சீறிக்கொண்டிருக்கும். மரகதமோ என்று பூமா மாமி ஒருநாள் கேட்டுவிட்டாள். "மரகதம் போட்டவ உங்க வாசல்ல எதுக்கும்மா வந்து உக்காரப் போறா? இது சீனத்துக் கல்லு."

ரங்கூனில் ஒரு சீன வியாபாரியிடம் அவள் புருஷன் காஜா மைதீன் வாங்கியது. எத்தனையோ தலைமுறைக்கு முந்திய வேலைப்பாடாம். சோப்பு நுரை தடவி அவரேதான் போட்டுவிட்டார். அப்புறம் கை பருத்துவிட்டது, இனி கழற்ற வழியில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவளைக் கப்பலேற்றிவிட்டு, பின்னாலேயே வருவதாகச் சொன்னார். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவர் செத்ததைப் பார்த்தவரும் இல்லை.

கொழுந்தன் மீரானுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது. அண்ணன் மௌத்தாகிவிட்டார் என்று ஜமாத்தில் சொல்லி, புருஷனை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தாவில் அவளை உட்கார வைத்துவிட்டால் வீடு பங்குக்கு வந்துவிடும். இத்தா இருப்பவள் நகை போடக்கூடாது. மற்றதையெல்லாம் கழற்றலாம், இதை என்ன செய்வது? மகராசன் அதற்கும் வழி கண்டுபிடித்து, ஒரு வெள்ளிக்கிழமை கையில் சுத்தியலோடு வந்து நின்றான்.

"கையக் காட்டுங்க அண்ணி. ஒரே போடு, உடைச்சிரலாம்."

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. வளையல் விற்ற காசில் சோறு தின்று வளர்ந்தவன் வாயில் வருகிற சொல்லா அது? அடித்தால் கல்லோடு போகுமா? உயிரோடு இருக்கிற மனுஷனை அவளே கொன்றதாகிவிடாதா?

"அவரு வந்து நின்னு கேட்டா, நான்தான் அடிச்சேன்னு நீ சொல்லுவியா தம்பி?"

 சாரா பீவி சுத்தியலை வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் பதறிப் பின்னால் போனான். அவள் சுவரில் ஆட்டம் கண்டிருந்த ஆணியை ஓங்கி அடித்து இறுக்கினாள். தகரப் பெட்டியிலிருந்து காஜா மைதீனின் சட்டையை எடுத்து, உதறி, அதில் மாட்டினாள்.