கொடுக்காமல் விட்ட மாத்திரை

அடுத்த அறையில் கட்டில் கால்கள் தரையில் டக் டக்கென்று அடித்தன. இசபெல்லாவின் கையிலிருந்த காப்பித் தம்ளர் நழுவியது. ஆறு வருஷம் கழித்து வாசல் மிதித்த அண்ணன் இனிகோவுக்குக் கலந்த காப்பி!

ஓடினாள். கணவன் தனராஜ் வலிப்பில் துடித்துக்கொண்டிருந்தான். இனிகோ ஒரு சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"இரும்பெல்லாம் வேண்டாம்ண்ணே! ஒருச்சாய்ச்சுப் படுக்க வையி!"

தலைக்குள் கட்டி; இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. இரண்டு வேளை மாத்திரை. மீறி வலிப்பு வந்து ஐந்து நிமிஷம் தாண்டினால் தொடையில் ஊசி. மூன்றாம் வகுப்போடு நின்ற இசபெல்லா கம்பவுண்டரிடம் அதையும் கற்றுக்கொண்டாள்.

இன்று காலை தனராஜ் கெஞ்சினான். "மாத்திரை போட்டா நாக்கு குழறுது ஏளா. இன்னைக்கு மட்டும் விடு. மச்சான்கிட்ட நல்ல வாயோட பேசணும்."

அவள் மனம் இளகிவிட்டது.

சங்கெடுக்கத் தனராஜ் கடலில் மூழ்கும்போது, தோணியிலிருந்து அவன் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பவன் இனிகோ. ஒருநாள் காதில் ரத்தம் வழிய மேலே வந்த தனராஜ், "கயித்தப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்!" என்று கரையே கேட்கக் கத்தினான். அன்றோடு உறவு முறிந்தது. அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் தனராஜ் இப்போது ஆளனுப்பி அழைத்திருந்தான்.

கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் தாண்டியது. வெந்நீரில் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஊசியை எடுத்தாள்.

"பொறுளா! இதைப் போட்டா எப்ப முழிப்பாரு?"

"பொழுது சாஞ்சிரும்."

"மத்தியானம் என் தோணி கொழும்புக்குப் போவுதே!"

"அதுக்கு? இவரு துடிக்கதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

ஊசி இறங்கியது. மருந்து நெடி அறையை நிறைத்தது. மெல்ல மெல்லத் துடிப்பு அடங்கியது. அவன் பேச ஏங்கிய பேச்சும் கூடவே அடங்கியது. 'நானே கெடுத்தேனே!' என்று தலையிலடித்துக்கொண்டாள்.

உச்சிவரை இனிகோ கட்டிலருகே காத்திருந்தான். பிறகு தூங்குகிறவன் காதருகே குனிந்தான்.

"மச்சான், நீரு சொன்னது நெசம்தான். அன்னைக்கு நான் கண்ணசந்துட்டேன்."

கதவருகே நின்ற இசபெல்லாவின் பக்கம் திரும்பினான்.

"முழிச்சா சொல்லுவியாளா?"

"நீயே வந்து சொல்லுண்ணே. வார வரைக்கும் இவரை உசுரோட வச்சிருக்கேன்."

அது அவள் கையில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். இனிகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். தனராஜின் முகத்தில் வெயில் விழுந்தது. இசபெல்லா கதவைச் சாத்தினாள்.