பிளஸ் டூ வீட்டில் சத்தம் போடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தோடு வருகிறவர்கள் ஏதோ கேட்கத்தான் வருவார்கள் என்பது என் அனுபவம். காபி குடித்தார். மழை இல்லாததைப் பற்றி வருத்தப்பட்டார். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

அவர் பிள்ளை இந்த வருஷம் பிளஸ் டூ. எங்கள் வீட்டுக் குக்கர் காலையில் அடிக்கிற விசில், அவர் வீட்டில் படிக்கிற அறை வரைக்கும் கேட்கிறதாம். மார்ச் முடிகிற வரை ஒரே விசிலோடு நிறுத்திக்கொள்ள முடியுமா?

"ஒரு விசில்ல பருப்பு வேகாதுண்ணே" என்றாள் என் மனைவி சகாயமேரி.

அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். நானும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் நாலு வீட்டுக்கு இதே மாதிரி போய் வந்தவன் நான். நான் கொண்டுபோனது கொய்யாப்பழம்.

எங்கள் மூத்த மகள் ஸ்டெல்லா அப்போது பிளஸ் டூ. திண்டுக்கல்லில் ஒரு வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "பெரியவ பிளஸ் டூ..." என்று இழுத்தால் போதும். கூப்பிட்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்திரிகையை வைத்துவிட்டு, மொய் மட்டும் அனுப்பினால் போதும் என்கிற முகத்தோடு போய்விடுவார்.

ஜூன் மாதம் கேபிள்காரரை வரச் சொன்னேன். மாடிக்கு ஏறும்போதே, "பிளஸ் டூவா சார்?" என்றார். வருஷா வருஷம் ஜூனில் வெட்டுவதும் ஏப்ரலில் ஒட்டுவதும் அவருக்குப் பழக்கம்தான். டிவியை ஒரு பழைய சேலையால் மூடினோம். சின்னவள் லீமா வாயாடி. அவளை வத்தலக்குண்டில் என் தங்கச்சி வீட்டில் விட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்த்தோம். சனி ஞாயிறுகூட வர வேண்டாம், அக்காவுக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு நின்றேனா? குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தெருவில் சகாயமேரியின் குரல்தான் முதலில் கேட்கும். அதற்கும் தடை. முறை தவறிக் குடம் வைத்தவளைக்கூட அவள் பேசாமல் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் இருவருக்கும் நடக்கிற வழக்கமான சண்டைகளையும் ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தோம். வீட்டுக்குள் நுனிக்காலில், அதிலும் மெதுவாக நடந்தோம். ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி மட்டும் சகாயமேரி சர்ச்சில் தவறாமல் ஸ்டெல்லா பேரை எழுதிக் கொடுத்தாள்.

வீடு அம்புட்டு அமைதி. எனக்கு ஒரே பெருமை.

பள்ளிக்கூடமும் லேசுப்பட்டது இல்லை. எங்கேயோ ஒரு ஊரில் ரிசல்ட் வந்த அன்று ஒரு பிள்ளை விபரீத முடிவு எடுத்து, பேப்பரில் பெரிதாக வந்திருந்தது. நம் பள்ளியிலும் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டினார். நான் கமிட்டி மெம்பர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் முன் வரிசை நாற்காலி வேறு.

மனநல ஆலோசனைக்கு யாரைப் போடுவது? கணக்கு டீச்சருக்கு நேரமில்லை. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அறவே இல்லை. நேரம் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான்: பி.டி. டீச்சர் ராஜாமணி. எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பிளஸ் டூ பிள்ளைகளின் விளையாட்டு பீரியடை எல்லாம் கணக்கும் கெமிஸ்ட்ரியும் எடுத்துக்கொண்டதால், த்ரோபாலுக்குக் காற்றடித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. ஆக, விளையாட விடாததால் வந்த மன அழுத்தத்தைக் கவனிக்க விளையாட்டு டீச்சரையே நியமித்தோம். லேபுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறைக்கு வெள்ளையடித்து போர்டு மாட்டினார்கள். நேரம்: சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிறகு அரை மணி.

அப்போது நான் எழுந்தேன். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் எதையும் வெளியே பேசக்கூடாது, பள்ளியும் வீடும் கைகோர்க்க வேண்டும் என்றேன். ஆலோசனைக்குப் போகிற பிள்ளை, பெயர், வகுப்பு, பிரச்சினை என்று மூன்று வரி எழுதிய சீட்டில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். இதே பத்தியில் 'பிள்ளைகளோடு மனம் விட்டுப் பேசுங்கள்' என்று நான் எழுதி, நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்ட அதே மாதம்தான் அது.

அரையாண்டுப் பரீட்சை வரை அந்த அறைக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியை மகிழ்ச்சியோடு அறிவித்தார்... நம் பள்ளியில் எந்த மாணவிக்கும் மன அழுத்தம் கிடையாது. அதற்கும் கைதட்டினோம்.

ஸ்டெல்லாவின் சாப்பாட்டு டப்பா வீட்டுக்குத் திறக்காமலே திரும்பி வர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். அப்புறம் திங்கட்கிழமை டெஸ்ட் அன்று காலையில் வாந்தி. அடுத்த திங்களும் வாந்தி. டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். சகாயமேரி மந்திரித்த எண்ணெய் தடவினாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டில் பெரிய சைஸாக வாங்கினேன். ஒரே மாதத்தில் பிள்ளை பாதியாகிவிட்டாள். ஏன் சாப்பிடவில்லை என்று அவளிடம் கேட்டேனா? கேட்டேன். கதவைப் பாதி திறந்து, மெதுவான குரலில், ரெண்டு வார்த்தையில். அவளும் அதே மாதிரி "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் ஆபீசுக்கு போன். ராஜாமணி டீச்சர்.

"சார், நீங்களும் வீட்டம்மாவும் செத்த நேரம் வந்துட்டுப் போங்க. ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேணாம்."

பேப்பரில் படித்த செய்திதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. சகாயமேரியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருப்பதில்தான் நாங்கள் ஏழு மாதமாகத் தேர்ந்திருந்தோமே.

வெள்ளையடித்த அறையில் உட்கார வைத்தார். ஒரு சீட்டை என் முன்னால் வைத்தார். பெயர்: ஸ்டெல்லா. கீழே என் கையெழுத்து. சந்தேகமே இல்லை, என்னுடையதுதான்.

எனக்கு ஞாபகமே வரவில்லை. எப்படி வரும்? தினமும் ஆபீசில் நாற்பது ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஸ்டெல்லா ஆறு டெஸ்ட் பேப்பரும் ஒரு வீட்டுப்பாட நோட்டும் நீட்டுவாள். "இங்கப்பா... இங்க... இங்க" என்று விரல் வைத்த இடத்தில் எல்லாம் போடுவேன். மார்க்கை மட்டும் பார்ப்பேன். இந்தச் சீட்டில் மார்க் இல்லை.

பிரச்சினை என்ற வரியில் இருந்ததை அன்றைக்குத்தான் படித்தேன். எங்க வீட்ல யாரும் சத்தமாப் பேச மாட்டேங்குறாங்க, எனக்குப் பயமா இருக்கு, என்று எழுதியிருந்தாள்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? எல்லாம் அவளுக்காகத்தானே செய்கிறோம் என்று டீச்சரிடம் அடுக்கினேன். கேபிளை வெட்டினோம், சின்னவளை அனுப்பினோம், ஒரு நல்லது கெட்டதுக்குப் போகவில்லை...

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் சொன்னார்.

"அம்புட்டையும் அவளும் வரிசையாச் சொன்னா சார். ஒண்ணையும் விடல. 'நான் மார்க் கம்மியா எடுத்துட்டா இதுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது டீச்சர்'னு கேக்குறா. சோத்தைப் பாத்தாலே அந்த நெனப்பு வருதாம்."

டீச்சர் நாற்காலியைச் சகாயமேரி பக்கம் திருப்பினார்.

"அம்மா கொழாயடியில சண்ட போடுறதக்கூட நிறுத்திட்டாங்கன்னு சொல்லித்தான் அழுதா" என்று சகாயமேரியைப் பார்த்தார் டீச்சர். "வீட்டுல யாராவது சாகக் கெடந்தாத்தானம்மா இப்படி மெதுவா நடப்போம்? யாரு கெடக்கா உங்க வீட்ல?"

சகாயமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மகள் என்னைப் பார்த்துப் பயந்து இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். நான் அதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அவமானம் இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

டீச்சர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை டெஸ்டுக்கு முன்னால் ஸ்டெல்லாவை பத்து நிமிஷம் கிரவுண்டில் நடக்க வைப்பது அவர் பொறுப்பு. மார்க்கை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம் என்று கிளாஸ் டீச்சரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு. வீட்டில் பழையபடி சத்தம் போடுவது எங்கள் பொறுப்பு. வாந்தி நிற்கவில்லை என்றால் மதுரையில் மனநல டாக்டர் இருக்கிறார், தயங்காமல் கூட்டிப் போக வேண்டும், தானும் கூட வருவதாகச் சொன்னார். இவ்வளவுதான். எரியோட்டுக்கு ஐந்தே காலுக்கு பஸ் என்று எழுந்துவிட்டார்.

பழையபடி சத்தம் போடுவது சுலபம் என்றா நினைக்கிறீர்கள்? கேபிள்காரரைக் கூப்பிட்டால், "பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே சார்... பாப்பா படிப்ப நிறுத்திட்டாங்களா?" என்று துக்கம் விசாரித்தார். லீமாவை வெள்ளிக்கிழமை தோறும் வரச் சொன்னோம். வந்தவள் ஒரு மணி நேரம் பூனை மாதிரி சுவரோரமாக நடந்தாள். நானும் சகாயமேரியும் சண்டை போட உட்கார்ந்தோம். விஷயமே கிடைக்கவில்லை. கடைசியில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஆரம்பித்தேன். அதில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லா எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். டப்பா பாதி காலியாகி வந்தது. பாதிதான்.

பிப்ரவரி கூட்டத்தில் எனக்கு இன்னொரு வேலை பாக்கி. கையெழுத்துச் சீட்டை எடுத்துவிடலாமா என்று டீச்சர் கேட்டதற்கு, அது கமிட்டித் தீர்மானம், கொண்டுவந்தவர்தான் வாபஸ் வாங்க வேண்டும் என்றாராம் தலைமையாசிரியை. எழுந்தேன். முதலில், 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில்' என்று ஆரம்பித்தேன். எழுதுகிறவனின் புத்தி! டீச்சர் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு வாக்கியம் போனதும், அது என் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. தீர்மானம் ரத்தானது.

அடுத்த சனிக்கிழமை அந்த அறை வாசலில் பதினோரு பிள்ளைகள் நின்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை உள்ளே இடம் போதவில்லை. தலைமையாசிரியை என்னை வழியில் பார்த்து வருத்தப்பட்டார். சீட்டை எடுத்ததிலிருந்து பள்ளியில் மன அழுத்தம் அதிகமாகிவிட்டதாம்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். லீமா டிவியில் பாட்டு போட்டுக் கூடவே பாடுகிறாள். சகாயமேரி தோசைக்கல்லை வைத்துக்கொண்டு, கேஸ் தீரப் போவதை நான் கவனிக்கவில்லை என்று நிஜமாகவே திட்டுகிறாள். நான் நிஜமாகவே பதில் சொல்கிறேன். திடீரென்று உள் அறைக் கதவு திறந்தது.

"ஏ லீமா, சத்தத்தக் கொறடி! மனுசி படிக்க வேணாமா? அம்மா, நீங்களும்தான். வீடா இது, சந்தையா?"

எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் மகள் எங்களைத் திட்டினாள். லீமா திருப்பி ஏதோ சொல்ல, அக்காவும் தங்கையும் பிடித்துக்கொண்டார்கள். சகாயமேரி தோசையைத் திருப்ப மறந்து நின்றாள். யாரும் அவர்களை அடக்கவில்லை. சண்டை முடிந்து ஸ்டெல்லா மூச்சு வாங்கியபடி அடுப்படிக்கு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பரீட்சையில் மார்க் எவ்வளவு என்று கேட்டுக் கடிதம் போடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்... அன்றைக்கு நாலு தோசை சாப்பிட்டாள்.