பசியில்லாமல் கடிக்கிற மீன்

இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கு முன் குளத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் எனக்கு வாய்த்த கூட்டாளி கூன்டர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மே மாதம் பிறந்துவிட்டால் நூலில் கட்டிய வெப்பமானியைக் கரையோரத் தண்ணீரில் இறக்கிவிட்டு, நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் தாதியைப் போலக் காத்திருப்பார். பதினாறு பாகை என்றால் உதட்டைப் பிதுக்குவார். பதினெட்டைத் தாண்டினால்தான் தூண்டில் பை திறக்கும். முதல் வருடம் எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் பிடிக்கவே பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டிய நாடு, இதுவும் ஒரு சட்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டார் மீன் தின்பார்கள், பிடிக்க மாட்டார்கள். பிடிப்பவர்களை முற்றத்துக்கு வெளியே நிறுத்தியே பழகிய குடும்பம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன். இங்கே அதே வேலைக்கு முத்திரை குத்திய அட்டை கிடைத்தபோது, படம் எடுத்து ஊரிலிருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. அந்தப் பரீட்சைக்கு எனக்குப் படிப்பித்தது என் மகள் ஆரணி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. குசினி மேசையில் இருந்து மீன்களின் ஜெர்மன் பெயர்களைக் கேட்பாள். பிழைவிட்டால் முகத்தை மாற்றாமல் திரும்பவும் கேட்பாள்.

நம்மவர் வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோருக்கு வாய். வாடகைக் கடிதம், டொக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் டெர்மின், அரசு அலுவலகத்துக்கு அன்ட்ராக் எனும் விண்ணப்பம், எல்லாம் ஒன்பது வயதிலிருந்தே அவள் கையால்தான் நடந்தன. அவளுக்கு ஒன்பது வயதான அந்த வருடம்தான் அவளுடைய தாய், கனடாவில் இருக்கும் தமக்கையைப் பார்க்கப் போய், திரும்பி வரவில்லை. ஏன் என்று எழுத இது இடமில்லை. சனம் பேசியது போதும். அதன் பிறகு நான் மகளைக் காவல் காத்தேன். தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வாசலிலேயே நின்றேன். பிறந்தநாள் விழாவுக்கு யார் கூப்பிட்டாலும் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் அவளுடைய சைக்கிளைத் திருத்திக் கொடுத்தார். நன்றி சொல்லாமல் அவரோடு சண்டை பிடித்தேன்.

இந்த மே மாதம் ஆரணியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மற்றவர் கடிதத்தைத் திறப்பது இங்கே குற்றம். எங்கள் வீட்டில் அந்த நினைப்பே கிடையாது. என்னுடையதை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். தட்டுத்தடுமாறி வாசித்தேன். ஹாலே நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் அவளுக்கு ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, கிடைத்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். ஹாலே ரயிலில் அரை நாள் தூரம். அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து என் குளிர்கோட்டின் உள்பையில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். பிறகு நாளைக்கு நாளைக்கு என்றே நாட்கள் போய்விட்டன.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, கூன்டர் கூப்பிட்டார். வாரம் முழுக்க வெயில், தண்ணீர் இருபது பாகை. நாங்கள் போகும், மணல் தோண்டிய குளத்தில் சோனன்பார்ஷ் என்றொரு மீன் உண்டு, நாம் சூரியமீன் எனலாம். பகல் நீண்டு தண்ணீர் சூடேறியதும் ஆண்மீன் கரைக்கு வந்து, வாலால் சரளையை விலக்கி, சாப்பாட்டுத் தட்டளவு குழி பறிக்கும். இடையில் குளிர்மழை பெய்தால் போட்டது போட்டபடி போய்விடும். சூடு திரும்பினால் திரும்பவும் தொடங்கும். வெப்பமானி இதற்குத்தான். காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் நேராக இறங்கும்போது குழிகள் தெளிவாகத் தெரியும். தூண்டிலுக்கு அதுதான் நேரம்.

"பெண் முட்டையிட்டதும் போய்விடும். தகப்பன்தான் காவல்" என்றார் கூன்டர். என் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. "இப்போது அது பசியில் கடிப்பதில்லை. கூட்டுக்குக் கிட்ட எது வந்தாலும் கடிக்கும்."

அமெரிக்காவிலிருந்து யாரோ அழகுக்குக் கொண்டுவந்து விட்ட மீன். மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்பதால், பிடித்தால் திரும்ப விடக்கூடாது. "வெளியிலிருந்து வந்தது" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெப்பமானியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குக் கோபமில்லை. என் யோசனை வேறு.

"எத்தனை நாள் காக்கும்?"

"குஞ்சுகள் நீந்தும்வரை. ஒரு கிழமை, பத்து நாள்."

"அதற்குப் பிறகும் விடாமல் நின்றால்?"

மீனைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று அவர் உண்மையாகவே யோசித்தார். "அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. நின்றால் பட்டினியில் செத்துப்போகும்" என்று சிரித்தார்.

முதல் வீச்சிலேயே கடித்தது. உள்ளங்கையளவு உடம்பு, மஞ்சள் வயிறு, கன்னத்தில் நீலக் கோடுகள். நான் அதைத் தூக்கிய கணமே சுற்றி நின்ற சின்ன மீன்கள் குழிக்குள் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. பார், தகப்பன் இல்லாவிட்டால் இதுதான் கதி, கடிதத்தைக் கிழித்துப் போடு என்றது ஒரு மனம். அவை முட்டைகள், உன் மகளுக்குப் பத்தொன்பது வயது என்றது மற்ற மனம். மீனின் தலையில் அடித்துக் கொன்றுவிட்டு, கூன்டரிடம் தலையிடி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

ஆரணி குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கோட்டிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும். ஈமெயிலிலும் வந்தது, தபாலில் அனுப்பியிருப்பதாக அதில் இருந்தது. அன்றைக்கே கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்" என்றாள். ஜெர்மனில் சொன்னாள். வீட்டுக்குள் தமிழ்தான் என்பது நான் போட்ட சட்டம். பத்து வருடத்தில் அவள் அதை மீறியதில்லை.

"பிறகேன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீ தருவாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஜெர்மனில் தகப்பனும் 'நீ'தான். அதில் மரியாதைக் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுட்டது. மூன்று கிழமையாக அவள் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டாள், என் கடிதங்களை வாசித்தாள், ஒவ்வொரு நாளும் என் கையைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழில் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் அப்படிக் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. கடைசியில், பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்லும் சொல்லைச் சொன்னேன்.

"எண்ட்ஷுல்டிகுங்."

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு தட்டுகளை எடுத்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அப்பா, மீன் மணக்குது" என்றாள், தமிழில்.